வால் நட்சத்திரம் கண்ட மாணவர்

கொடைக்கானல் மலையில் குருவாக அமர்ந்த விஞ்ஞானி வைணு பாப்புவின் வரலாறு

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். ஏரியைச் சொல்வார்கள். படகைச் சொல்வார்கள். குறிஞ்சி ஆண்டவர் கோவிலில் நின்றால் தூரத்தில் பழனி மலை தெரிவதைச் சொல்வார்கள். ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில், கும்மட்டங்களுடன் ஒரு கட்டடம் இருக்கிறதே, அதைச் சிலர்தான் சொல்வார்கள்.

அதுதான் சூரியனை ஆராயும் நிலையம். 1899-ம் ஆண்டில் ஏற்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, மேகம் மறைக்காத நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

1960-ம் ஆண்டில் அந்த நிலையத்துக்குப் புதிய தலைவர் வந்தார். நரைத்த தலையுடன் ஒரு பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். வந்தவர் முப்பது வயதைச் சற்றே கடந்த வாலிபர். ஆனால் அவருடைய பெயர் அதற்குள் வானத்தில் ஏறியிருந்தது. ஒரு வால் நட்சத்திரத்துக்கே அவர் பெயர்!

அவர்தான் மணலி கல்லாட் வைணு பாப்பு.

படிக்கிற காலத்திலேயே அவர் ஆராய்ச்சி செய்தவர். நல்ல ஆசிரியர்களின் கைப்பிடியில் வளர்ந்தவர். பிறகு தாமே பலருக்கு ஆசிரியரானவர். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தந்தையே முதல் குரு

வைணு பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மலையாள நாடு. ஆனால் அவர் வளர்ந்ததும் படித்ததும் ஹைதராபாத்தில்.

அதற்குக் காரணம் தந்தையின் உத்தியோகம். ஹைதராபாத்தில் பேகம்பேட்டை என்ற இடத்தில் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கேதான் தந்தை வேலை பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் அப்பா காலையில் ஆபீசுக்குப் போவார், மாலையில் திரும்புவார். வைணுவின் அப்பாவுக்கோ, ஊர் தூங்கும் நேரம்தான் வேலை நேரம். நட்சத்திரம் இரவில்தானே தெரியும்?

பையனுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அவர் ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் சேர்ந்து பௌதிகம் படித்தார். பகலில் கல்லூரி, இரவில் வானம்.

கல்லூரி மாணவன் வானத்தில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் என்று கேட்கலாம். முடியும். சில நட்சத்திரங்கள் எப்போதும் ஒரே மாதிரி ஒளிவிடுவதில்லை. திரியைத் தூண்டினால் விளக்கு பெரிதாக எரிகிறது. எண்ணெய் குறைந்தால் மங்குகிறது. அது போல அவையும் பிரகாசிக்கும், மங்கும், மறுபடி பிரகாசிக்கும். சிலவற்றுக்கு இது சில மணி நேரத்தில் நடக்கும். சிலவற்றுக்கு மாதக் கணக்காகும். இவற்றை மாறும் நட்சத்திரங்கள் என்பார்கள்.

பக்கத்தில் உள்ள மாறாத நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, இன்று எவ்வளவு வெளிச்சம் என்று குறிக்க வேண்டும். நேரத்தையும் குறிக்க வேண்டும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. இதற்கு வேண்டியது பெரிய பணம் அல்ல, பொறுமை. ஒருநாள் தூங்கிவிட்டால் கணக்கில் ஓட்டை விழுந்துவிடும்.

இந்தப் பொறுமை வைணுவிடம் இருந்தது. 1946-ம் ஆண்டில், அதாவது அவருக்கு 19 வயது ஆனபோதே, மாறும் நட்சத்திரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் அச்சில் வந்துவிட்டன. பரீட்சைக்குப் பாடம் நெட்டுருப் போடும் வயதில், பாடப் புத்தகத்தில் இல்லாததை அவர் எழுதினார்!

அமெரிக்காவில் ஓர் இரவு

எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றாயிற்று. மேலே வான நூல் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு இந்தியாவில் வசதி குறைவு. ஹைதராபாத் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1949-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர், ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் பார்ட் போக். ஹாலந்து தேசத்தில் பிறந்தவர். நாம் ஆகாய கங்கை என்கிறோமே, அந்தப் பால் வீதியை ஆராய்வதில் பேர் பெற்றவர்.

அவரிடம் இன்னொரு மாணவரும் வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் கார்டன் நியூகர்க். அவர் ஆராய்ச்சி மாணவர் கூட அல்ல. பி.ஏ. பட்டமே இன்னும் வாங்காத கல்லூரிப் பையன்.

வைணு பாப்பு போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜூலை மாதம் 2-ந் தேதி. டெலிஸ்கோப்பில் எடுத்த ஒரு படத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானத்தைப் படம் பிடிப்பது மனிதரைப் படம் பிடிப்பது போல அல்ல. வெளிச்சம் மிகவும் குறைவு. ஆகவே கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அதை நெடுநேரம் வானத்துக்குக் காட்டி வைப்பார்கள். நட்சத்திரங்கள் நகர்வது போலவே டெலிஸ்கோப்பும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளியாக விழும். நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே வேறொன்று தன் போக்கில் நகர்ந்தால்? அது புள்ளியாக விழாது, கோடாக இழுபடும்.

அப்படி ஒரு கோடு அந்தத் தகட்டில் இருந்தது.

தகட்டில் கீறல் விழுவதும் உண்டு. தூசி ஒட்டுவதும் உண்டு. அலட்சியமாக எடுத்து வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வைணு பாப்பு அலட்சியம் செய்யவில்லை. ஹைதராபாத்தில் இரவு இரவாக வெளிச்சம் குறித்த கண் அல்லவா அது?

ஆசிரியர் போக்கும் மாணவர் நியூகர்க்கும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மூவருமாகச் சரி பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. அது புதிய வால் நட்சத்திரம்! அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். அது ஒருமுறை சூரியனைச் சுற்றி வரச் சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தது. மனிதன் நெல் பயிரிடக் கற்றதற்கு வெகு காலம் முன்பு வந்து போன விருந்தாளி!

பெயரில் ஒரு பாடம்

வால் நட்சத்திரத்தை யார் கண்டுபிடிக்கிறாரோ அவர் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். இந்த வால் நட்சத்திரத்துக்கு மூவர் பெயரும் கிடைத்தன. பாப்பு - போக் - நியூகர்க் என்பது அதன் பெயர்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர். அடுத்து உலகப் புகழ் பெற்ற ஆசிரியர். அதற்கு அடுத்தபடியாகப் பட்டம் பெறாத கல்லூரிப் பையன். பெரியவர் பெயர் முன்னே, சின்னவர் பெயர் பின்னே என்ற கணக்கே இல்லை. முதலில் கண்டவர் முதலில் நிற்கிறார். உழைத்தவர் எல்லாரும் உடன் நிற்கிறார்கள்.

நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சின்னவன் கண்டதைப் பெரியவர் தம் பெயரில் எழுதிக்கொண்டால், அந்தச் சின்னவன் மறுபடி கண் விழித்துப் பார்ப்பானா?

அந்த ஆண்டே பசிபிக் வான நூல் சங்கத்தார் டோனஹோ பதக்கத்தை வைணு பாப்புவுக்கு வழங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 22.

மூன்றாவது பெயருக்கு உரிய பையன் என்ன ஆனார் தெரியுமா? நியூகர்க்கும் பெரிய சூரிய விஞ்ஞானியானார். அமெரிக்காவில் கொலராடோ மலை நாட்டில் உள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்கே தலைவரானார். ஒரே தகட்டைக் குனிந்து பார்த்த இரண்டு மாணவர்கள், பிற்காலத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில், சூரியனை ஆராயும் இரண்டு நிலையங்களை நடத்தினார்கள்.

நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தவர்

1952-ல் வைணு பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். உடனே கார்னகி நிறுவனத்தின் உதவி கிடைத்தது. கலிபோர்னியாவில் பாலோமர் மலைக்குப் போனார். அப்போது உலகத்திலேயே பெரிய டெலிஸ்கோப் அங்கேதான் இருந்தது. அதன் கண்ணாடி 200 அங்குல அகலம்.

அங்கே ஆலின் வில்சன் என்ற மூத்த விஞ்ஞானியோடு சேர்ந்து வேலை செய்தார். அவர்கள் கண்டது என்ன? எளிதாகச் சொல்லிப் பார்ப்போம்.

இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது பக்கத்தில் உள்ள அகல் விளக்கா, தூரத்தில் உள்ள பெரிய விளக்கா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நட்சத்திரத்துக்கும் இதே கஷ்டம்தான். அதன் உண்மையான பிரகாசம் தெரிந்தால்தான், இவ்வளவு மங்கலாகத் தெரிகிறதே, ஆகையால் இவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம்.

நட்சத்திரத்தின் ஒளியை வானவில் போலப் பிரித்தால், நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஊதா நிறப் பகுதியில் உள்ள ஒரு கோடு கால்சியத்தால் உண்டாவது. நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் அதே கால்சியம்தான். சில வகை நட்சத்திரங்களில் அந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று இருக்கும். அந்த வெளிச்சக் கோடு எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்த நட்சத்திரம் உண்மையில் பிரகாசமானது. வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களை அளந்து இதை நிலைநாட்டினார்கள். கட்டுரை 1957-ல் வெளியாயிற்று. உலகம் முழுவதும் இதற்கு வில்சன் - பாப்பு விளைவு என்றே பெயர்.

மறுபடியும் பாருங்கள். மூத்தவர் பெயரும் இளையவர் பெயரும் ஜோடியாக நிற்கின்றன!

தாய்நாட்டுக்குத் திரும்பினார்

இவ்வளவு பேர் வாங்கியவர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். அவர் 1953-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். உத்தரப் பிரதேச சர்க்கார் காசியில் ஒரு வான நிலையம் தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்தார். பிறகு அந்த நிலையம் நைனிடால் மலைக்கு மாறியது. அங்கேயும் இளைஞர்களைச் சேர்த்து வேலையைத் தொடங்கி வைத்தார்.

1960-ல் கொடைக்கானல் நிலையத்தின் பொறுப்பு வந்தது. அங்கே ஒரு பொருத்தம் இருந்தது. எந்தக் கால்சியம் கோட்டை அவர் நட்சத்திரங்களில் அளந்தாரோ, அதே கால்சியத்தின் ஒளியில்தான் கொடைக்கானலில் பல பத்து ஆண்டுகளாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே? தூரத்து நட்சத்திரத்தில் கண்ட புதிருக்கு விடையைப் பக்கத்து நட்சத்திரத்தில் தேடலாம் அல்லவா?

அவர் காலத்தில் அங்கே சூரியனுக்கென்று ஒரு சுரங்க டெலிஸ்கோப் வேலைக்கு வந்தது. கோபுரத்தின் மேலே கண்ணாடிகள் இருக்கும். அவை சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே அனுப்பும். சுமார் 200 அடி நீளச் சுரங்கத்தின் வழியே அந்த ஒளி போய், 34 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியனின் உருவமாக விழும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சூரியன்! அதில் வேண்டிய பகுதியின் ஒளியை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

இந்தக் கருவியில் கிடைத்த படங்களை வைத்து, தம்மிடம் பணியாற்றிய கே. ஆர். சிவராமனுடன் சேர்ந்து 1971-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கால்சியம் கோட்டின் ரகசியம் சூரியன் முகத்தில் உள்ள சின்னஞ்சிறு ஒளிப் பொட்டுகளில் அடங்கியிருக்கிறது என்று காட்டினார்கள். பாலோமர் மலையில் கேட்ட கேள்விக்குப் பழனி மலைத் தொடரில் பதில் வந்தது.

இங்கேயும் மூத்தவரும் இளையவருமாக இரண்டு பெயர்கள். தமக்குப் போக்கும் வில்சனும் செய்ததை அவர் மறக்கவில்லை.

கண்ணாடி தேய்த்த கை

கொடைக்கானலில் காலைச் சூரியன் அருமையாகத் தெரியும். ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வரும். மழைக் காலத்து இரவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடுபனிக்கு நடுவே நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது?

வைணு பாப்புவுக்கு இது பெரிய மனக்குறை. இந்தியாவில் நட்சத்திரங்களை ஆராய நல்ல இடமும் வேண்டும்; பெரிய டெலிஸ்கோப்பும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், நம் பிள்ளைகள் எவ்வளவு புத்திசாலிகளாக இருந்தாலும் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் போனதைப் போலவே!

இடம் தேடினார். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் கிடைத்தது. பட்டணத்து விளக்கொளி எட்டாத காடு. தெற்கு வானமும் நன்றாகத் தெரியும்.

இடம் கிடைத்தது. டெலிஸ்கோப்? அதைக் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தார்கள்.

டெலிஸ்கோப்புக்கு உயிர் அதன் கண்ணாடிதான். அதைச் செய்வது அம்மியில் மஞ்சள் அரைப்பதைப் போல ஓயாத வேலை. இரண்டு தடித்த கண்ணாடி வட்டங்களுக்கு இடையே தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க ஒன்று குழியும்; மற்றது மேடாகும். பிறகு நயமான பொடி. அதற்குப் பிறகு இன்னும் நயமான பொடி. முடிவில் மெருகு ஏற்ற வேண்டும். மயிர் இழையின் பருமனில் சில நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருவம் கலங்கிவிடும்.

ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர், நிலையத்தின் தலைவர், தாமே இந்த வேலையில் கை நனைத்தார். தலைவரே தேய்க்கும்போது இளைஞர்கள் சும்மா நிற்பார்களா? டெலிஸ்கோப்பைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைச் செய்யவும் தெரிய வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் அங்கே படித்தார்கள்.

அப்படிச் செய்த 15 அங்குல டெலிஸ்கோப் 1968-ல் காவலூரில் வேலையைத் தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வாங்கிய 40 அங்குல டெலிஸ்கோப் வந்தது. 1977 மார்ச் மாதம் 10-ந் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போயிற்று. அதைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நட்சத்திரம் கணப்பொழுது மங்கியதைக் காவலூரில் இருந்தவர்களும் பதிவு செய்தார்கள்.

1971-ல் கொடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக உயர்ந்தது. பின்னர் அதன் தலைமையகம் பெங்களூருக்குப் போயிற்று. ஆனால் சூரியனைப் பார்க்கும் வேலை கொடைக்கானலிலேயே நின்றது.

பார்க்காமல் போன டெலிஸ்கோப்

வைணு பாப்புவின் பெரிய ஆசை ஒன்று பாக்கி இருந்தது. 93 அங்குலக் கண்ணாடி உள்ள டெலிஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பதே அது. 15 அங்குலம் செய்த கைகளுக்கு 93 அங்குலம் பெரிய தாவல்தான். வேலை பல ஆண்டுகள் நடந்தது.

இதற்கிடையே பெருமைகள் வந்தன. 1979-ல் அகில உலக வான நூல் சங்கத்தின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை. 1981-ல் இந்திய சர்க்கார் பத்ம பூஷண் விருது வழங்கியது.

1982 ஆகஸ்டு மாதம். கிரீஸ் தேசத்தில் பாட்ராஸ் நகரில் உலக வான விஞ்ஞானிகள் எல்லாரும் கூடினார்கள். தலைவரான வைணு பாப்பு அந்தக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. ஜெர்மனியில் மூனிச் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆகஸ்டு 19-ந் தேதி அங்கேயே காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பதே நாட்கள் ஆகியிருந்தன.

அது கொடைக்கானலில் குறிஞ்சி பூக்கும் ஆண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர். பூத்ததைப் பார்க்க அவர் இல்லை. 93 அங்குல டெலிஸ்கோப்பின் வழியே வானத்தைப் பார்க்கவும் அவர் இல்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. அவர் பழக்கிவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் அதை முடித்தார்கள். 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் அந்த டெலிஸ்கோப்புக்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார்.

குரு மறைந்த பிறகும் வேலை நடக்கிறதா என்பதே குருவுக்குப் பரீட்சை. அந்தப் பரீட்சையில் வைணு பாப்பு தேறிவிட்டார்!

இன்றும் தொடரும் வேலை

கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த ஊர் மாணவரும் அவற்றை எடுத்து ஆராயலாம். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்டதே ஆதித்யா விண்கலம், அதன் முக்கியமான கருவி ஒன்றை ஆக்கித் தந்தது வைணு பாப்பு வளர்த்த நிறுவனமே.

பெற்றோரும் ஆசிரியரும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வைணுவின் தந்தை பிள்ளைக்கு வானத்தைக் காட்டினார். போக் தம் தகட்டை மாணவன் கையில் நம்பிக் கொடுத்தார். அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு வால் நட்சத்திரம் கிடைத்தது. ஒரு விஞ்ஞானி கிடைத்தார். ஒரு நிறுவனமே கிடைத்தது.

அடுத்த முறை கொடைக்கானலுக்குப் போனால், ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். மேகம் வருமுன் காலையிலேயே குன்றின் மேல் ஏறுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் அங்கே கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். தகட்டில் இருந்த கோடும் முதலில் ஒரு கேள்வியாகத்தான் இருந்தது.